பழைய சுருதி

“பழைய ட்யூனிங்குக்கே போயிருவோம், மங்கா” என்று லியோன் கொரைரா சொன்ன அன்றே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

லியோன் எங்கள் பாடகன். ‘கந்தகம்’ என்கிற எங்கள் ராக் குழுவை அவனும் நானும் டிரம்ஸ் வாசிக்கும் பாரூக்கும் சேர்ந்து ஆரம்பித்தபோது மூன்று பேருக்கும் தலை நிறைய முடி இருந்தது. இப்போது லியோனுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒரு வருடம் வாயைத் திறக்காமல் வீட்டுக்குள் கிடந்தவன், திடீரென்று ரிகர்சல் அறைக்கு வந்து, இருபத்தேழு வயதில் பாடிய உயரத்திலேயே மறுபடி பாடப் போகிறேன் என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். பகலில் நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விபத்து கிளெய்ம்களை விசாரிக்கும் அதிகாரி. இடுப்பு உடைந்து படுத்த படுக்கை என்று மனு கொடுத்தவர் பூங்காவில் ஷட்டில் ஆடுவதைப் படம் பிடித்துக்கொண்டு வருவது என் பிழைப்பு. மங்களேஸ்வரி மேடம் வருகிறார் என்றால், நிஜமாகவே கால் உடைந்தவர்கூட ஒருமுறை தன் காலைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். ஆபீஸ் முடிந்தால் பேஸ் கிட்டார். இந்த இரண்டையும் ஒருத்தி எப்படிச் செய்கிறாள் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

பாடகனுக்குத் தொண்டை தளர்வது ரசிகர்களுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே பக்கத்தில் கிட்டார் வாசிப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். அவனுக்கு எட்டாத உயரம் எட்டுவதுபோல் காட்ட, நாங்கள் தந்திகளைத் தளர்த்திப் பாட்டையே கொஞ்சம் கீழே இறக்குவோம். கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

லியோனின் குரலுக்கு எந்த வயதில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். இருபதுகளில் அது தகரத்தைக் கிழித்தது. முப்பதுகளில் கனத்து, கரகரத்து, இன்னும் அழகானது. ஊர் ஊராக வேனில் தூங்கி, மைதானத்துத் தூசியைத் தின்று, டிரம்ஸுக்கு மேல் வாரம் தவறாமல் கத்தினால் எந்தத் தொண்டையும் ஒரு நாள் கணக்குத் தீர்க்கும். நாற்பதைத் தாண்டியதும் காலையில் பேச்சு வரவே அவனுக்கு வெந்நீர் தேவைப்பட்டது. உச்ச வரி வரும்போது மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவான். தங்களை மதித்துப் பாடச் சொல்கிறான் என்று நினைத்து ஜனம் உயிரைக் கொடுத்துப் பாடும். ஒருமுறை ஊட்டியில், “குளிரா இருக்கு, இன்னைக்கு மட்டும் அரைச் சுருதி எறக்கிக்கிடலாமா?” என்று கேட்டான். இறக்கினோம். மலையை விட்டு இறங்கிய பிறகும் அதை யாரும் ஏற்றவில்லை. அடுத்த சில வருடங்களில் இன்னொரு அரை, அப்புறம் இன்னொரு அரை. கடைசியில் என் பேஸின் தடித்த தந்தி துணி காயப்போடும் கொடி மாதிரித் தொங்கியது. இதையெல்லாம் நாங்கள் வாய்விட்டுப் பேசியதே கிடையாது. பாடகன் கேட்பான், நாங்கள் தந்தியைத் திருகுவோம், அவ்வளவுதான்.

சேலத்தில் ஒரு சாயங்காலம் அதுவும் போதவில்லை. பாட்டின் நடுவில் அவன் குரல் இரண்டாகப் பிளந்தது. லியோன் பாடுவதை நிறுத்தி, மைக்கைத் தரையில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். அதற்குப் பிறகுதான் அந்த ஒரு வருட மௌனம்.

அதிலிருந்து திரும்பி வந்தவன்தான் பழைய ட்யூனிங் என்றான்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நிழல் பெட்டி. இப்போதெல்லாம் வயதான பாடகர்கள் பாதிப் பேரிடம் அது இருக்கிறது. பாடகனின் பழைய பதிவுகளை அதற்குள் ஏற்றிவிட்டால், அவன் இளமைக் குரலைப் பெட்டி கற்றுக்கொள்ளும். மேடையில் அவன் பாடப் பாட, எங்கே குரல் தடுக்குகிறதோ அந்த இடத்தில் மட்டும் இளமைக் குரலை வைத்து அடைத்துவிடும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. பெங்களூரில் ஒரு பெரிய பாடகர் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் பாடிக்கொண்டிருந்தது. பெட்டி எங்கோ சிக்கிக்கொண்டது. ஜனங்கள் நாற்காலியைத் தூக்கி எறிந்தார்கள். அதன் பிறகு சட்டம் வந்தது. ரசிகர் காதுக்குப் போகும் குரலில் நிழல் கலந்திருந்தால் டிக்கெட்டில் அச்சடிக்க வேண்டும்.

எங்கள் போஸ்டரிலோ கொட்டை எழுத்தில் ‘நிழல் கலக்காத குரல்’ என்று போட்டிருந்தது. போடச் சொன்னது லியோனின் மனைவி ஜெசிந்தா. குழுவின் மேனேஜரும் அவள்தான். அவ்வளவு பெரிய எழுத்தில் உத்தரவாதம் கொடுக்கிறவர்களை நான் தொழில்முறையில் நம்புவதில்லை. அது பொய் என்றால், இத்தனை வருடம் சேர்த்த பெயரோடு என் பெயரும் சேர்ந்து நாறும். அதைவிட, லியோன் என்னிடமே பொய் சொல்கிறான் என்று ஆகும். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

ரிகர்சலில் என் சந்தேகம் கொழுத்தது. அடுக்குமாடிக் கட்டடம் என்பதால் நாங்கள் சத்தம் வெளியே போகாமல் வாசிப்போம். லியோன் கண்ணாடி அறைக்குள் நின்று பாடுவான். எல்லோர் காதிலும் அச்சு எடுத்துச் செய்த சின்ன ஸ்பீக்கர், மேடையிலும் அதேதான். இன்-இயர் என்போம். எங்கள் சவுண்ட் இன்ஜினியர் டில்லிபாபு எதை அனுப்புகிறாரோ அதுதான் எங்களுக்குக் கேட்கும். முதல் நாள் என் காதுக்குள் இருபத்தேழு வயது லியோன் வந்தான். அதே தகரம், அதே கிழிசல். கையில் மயிர் கூச்செறிந்தது. அந்தச் சிலிர்ப்பு அடங்கும் முன்பே, இது எப்படி முடியும் என்கிற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

“என்ன மருந்துடா சாப்பிட்ட?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல. ஒரு வருசம் சும்மா இருந்தேன்லா, தொண்டை அதுவா தேறிட்டு” என்றான். முகத்தில் கள்ளம் இல்லை. கள்ளம் இல்லாத முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் கிளெய்ம் மனுவோடு.

ஜெசிந்தா அந்த டூருக்கு இரண்டு புது விதிகள் கொண்டுவந்தாள். ரசிகர்கள் போனைப் பூட்டுப் பையில் போட்டுத்தான் உள்ளே வர வேண்டும். டூர் முடியும்வரை குழுவில் யாரும் விமர்சனம் படிக்கக்கூடாது. “சண்டை வருதுல்லா மங்காக்கா, அதான்” என்றாள். விமர்சனத்தால் எங்களுக்குள் சண்டை வந்தது உண்மைதான். ஆனால் போனில் பதிவு செய்தால் அதைச் சோதித்து நிழலைக் கண்டுபிடிக்கிற செயலிகள் நிறைய இருந்தன. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். டில்லிபாபுவின் மேசைக்குக் கீழே கறுப்புத் துணி போர்த்திய ஒரு பெட்டி இருப்பதையும் பார்த்துவைத்தேன்.

சென்னையில் முதல் ஷோ. நான் ஒரு பொறி வைத்தேன். எங்கள் இரண்டாவது பாட்டு பேஸில்தான் தொடங்கும். வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகமாக வாசித்தேன், யாரிடமும் சொல்லாமல். பெட்டி பாடுகிறதென்றால் வழக்கமான இடத்தில் குரல் நுழைந்துவிடும், லியோனின் வாய் மூடியிருக்கும். குரல் நுழையவில்லை. லியோன் திரும்பிப் பார்த்து, சிரித்து, காத்திருந்து, சரியான இடத்தில் பிடித்துக்கொண்டான். அதாவது பாடுவது அவன்தான். அப்படியானால் பெட்டி அவன் பாட்டுக்கு மேல் பூச்சு வேலை செய்கிறது என்று முடிவு கட்டினேன்.

ஷோ முடிந்ததும் அவனே வந்தான். “என்ன மங்கா, வெளையாட்டா? வெரல் வலிக்கலையே?”

“விரலுக்கு என்ன? ஜம்முனு இருக்கு” என்றேன். நிஜமாகவே ஜம்மென்றுதான் இருந்தது. என் இடதுகை மோதிர விரல் இரண்டு வருடமாக மடக்கினால் நிமிர மறுத்துக்கொண்டிருந்தது. தந்தியை முழுதாக அழுத்த முடியாமல் போனால் பேஸில் சுரம் விழாது, தட்டுச் சத்தம்தான் வரும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் கல்லுப்புப் போட்ட வெந்நீரில் கையை ஊறவைப்பேன். வீட்டில் ஆம்ப் மாட்டாமல் கட்டிலில் உட்கார்ந்து ஓசை படாமல் பழகுவேன். இந்த டூரில் ஒவ்வொரு சுரமும் உருண்டையாகக் காதில் விழுந்தது. உப்புத் தண்ணீருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

எனக்கு எரிச்சல் தந்தது பாரூக்தான். சில இடங்களில் தேவையே இல்லாமல் கிக் டிரம்மை ஓங்கி உதைத்தான்.

“ஏன்டா அந்த இடத்துல எட்டி உதைக்கிற? பேஸ் அழகா தனியா வர்ற இடம்டா அது.”

“ஃபீல்ல வந்துடுது மங்கா, விடேன்” என்று ஸ்டிக்கைத் துடைக்கப் போய்விட்டான். இவனும் இதில் கூட்டு என்று தோன்றியது. பெட்டி தடுமாறும் இடங்களை மூடச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

அடுத்தது புதுச்சேரி. அங்கே மூன்றாவது பாட்டின்போது கூட்டம் சேர்ந்து பாட ஆரம்பித்ததும் லியோன் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். அடுத்த வரி வரவே இல்லை. என் காதில் வெறும் இசை ஓடியது. ஒரு வரி முழுக்கக் காணாமல் போய், அதற்கடுத்த வரியில் குரல் மறுபடி வந்தது. பெட்டி சிக்கிவிட்டது, நல்லவேளை அவனும் வாயை மூடிக்கொண்டான் என்று மனதில் குறித்துக்கொண்டேன். சாட்சியங்கள் சேர்ந்துகொண்டே போயின.

அன்று வாசலில் ஒரு ரசிகை என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் வயது இருக்கும், பள்ளி ஆசிரியை என்றாள். “இப்படி ஒரு குரலை இத்தனை நாளா எங்கேம்மா ஒளிச்சு வெச்சிருந்தாரு? அழுதுட்டேன்” என்றாள். நான் அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டேன். ஏமாற்றுகிற குழுவில் நானும் ஒருத்திதானே.

கோயம்புத்தூர் போகும் வழியில் லியோன் வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“மங்கா, உண்மையச் சொல்லு. என் குரல் எப்படிக் கேக்கு உனக்கு?”

“இருபத்தேழு வயசு மாதிரி” என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன்.

அவன் “அப்படியா” என்று சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிபடவில்லை. பயந்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன்.

கோயம்புத்தூரில் திறந்தவெளி மைதானம். எங்கள் பாடல்களில் ‘உப்புக் காத்து’ என்று ஒன்று உண்டு. அதில் பேஸும் கிடையாது, டிரம்ஸும் கிடையாது. லியோனும், பின்னாளில் குழுவில் சேர்ந்த கிட்டார்காரரும்தான். வழக்கமாக நான் மேடை ஓரத்தில் உட்கார்ந்து இன்-இயரைக் கழற்றாமல் தண்ணீர் குடிப்பேன். அன்று பேஸை ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் படியிறங்கினேன். கூட்டத்தின் ஓரமாகவே நடந்து, மைதானத்தின் நடுவில் டில்லிபாபு மேசை போட்டிருக்கும் இடத்துக்குப் போனேன். அந்தத் துணியைத் தூக்கிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, சாட்சியோடு ஜெசிந்தாவின் முன்னால் நிற்பது என் திட்டம். மேசையை நெருங்கும்போது காதில் இருந்ததைக் கழற்றினேன்.

வெளியே வேறு ஒருவன் பாடிக்கொண்டிருந்தான்.

நான் முதலில் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். குரல் தழைந்து, நைந்து, வரியின் முடிவில் மூச்சாக மாறியது. ‘கடலே, என் பேரைச் சொல்லு’ என்று ஓர் உச்ச வரி வரும். அந்த உயரத்துக்கு அது ஏறப் பார்த்தது, ஏற முடியவில்லை, உடைந்தது, உடைந்த இடத்திலேயே நின்று ‘சொல்லு’ என்று கெஞ்சியது. பேரைக் கேட்டு வாங்கப் போனவன் பிச்சை கேட்டு நின்றான். அந்தப் பாட்டை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதற்கு அர்த்தம் இதுதான் என்று அன்றுதான் தெரிந்தது. என்னைச் சுற்றி யாரும் அசையவில்லை. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

கையில் இருந்த இன்-இயரை மறுபடி காதில் வைத்தேன். இளைஞன் ஒருவன் வெகு சுத்தமாக உச்சத்தில் நின்றான். எடுத்தேன். கிழவன் நின்றான்.

“டில்லி, பெட்டி நின்னுபோச்சா?” என்றேன்.

டில்லிபாபு திரும்பிப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டார். “நீ இன்னாக்கா இங்க வந்துட்ட?”

“வெளிய நிஜக் குரல் போகுதுப்பா.”

“வெளிய எப்பவுமே நிஜம்தான்க்கா போகுது. ஜனங்களுக்குப் போற லைன்ல பெட்டியே கெடையாது. போஸ்டர்ல போட்டதுல பொய்யே இல்ல.” கொஞ்சம் தயங்கி, “பெட்டி மேடைக்குத்தான். உங்க காதுக்கு” என்றார்.

ஷோ முடிந்ததும் ஜெசிந்தாவைத் தனியாகக் கூப்பிட்டேன். மேடைக்குப் பின்னால், காலி நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்தோம். டில்லிபாபு கொஞ்சம் தள்ளி ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

“சேலத்துக்கு அப்புறம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்” என்றாள் ஜெசிந்தா. “தொண்டை தேஞ்சிருக்கு, ஆனா கெடல, தாராளமாப் பாடலாம்னுட்டாரு. இவரு பாட மாட்டேங்காரு. வாயத் தொறப்பாரு, ஒரு சத்தம் வரும், அதைக் கேட்ட ஒடனே மூடிக்கிடுவாரு. குளிக்கும்போதுகூட ஒரு முனகல் கெடையாது. தொண்டை நல்லாத்தான் இருக்கு. காதுதான் அவரப் பயமுறுத்துது.”

“அதுக்கு?”

“பெட்டி விக்க வந்தவன், இத ஸ்பீக்கர்ல மாட்டுங்கன்னான். நான் அவரு காதுல மாட்டச் சொன்னேன். காதுல வைக்கிற அச்சு, எலும்பு வழியா வர்ற சொந்தக் குரலயும் அமுக்கிரும். பழைய குரலத்தான் கேப்பாரு. பயமில்லாமப் பாடுவாரு. வெளிய போறது அவரோட இப்போதைய குரல். அது அவரு காதுக்குத் திரும்பி வரக்கூடாதுன்னுதான் போனப் பூட்டினேன். நீங்க கேட்டீங்கல்லா? நல்லாயில்லையா?”

நன்றாக இருந்தது என்று என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “எங்க காதுல ஏன் வெச்ச?” என்றேன்.

“உங்க மொகத்தப் பாத்தே கண்டுபிடிச்சிருவாரு. நீங்க எதையும் மறைக்கிற ஆளா?”

எனக்குக் கோபம் வந்தது. ரசிகனை ஏமாற்றவில்லை என்று நிம்மதிப்படுவதா, பாடுகிறவனையே ஏமாற்றிவிட்டாள் என்று ஆத்திரப்படுவதா என்று தெரியவில்லை. “ஜெசி, இது அவன் குரல். அவன் தொண்டையில என்ன நடக்குதுன்னு ஊருக்கெல்லாம் தெரியுது, அவனுக்கு மட்டும் தெரியல. அவனை உட்கார வெச்சுச் சொல்லு.”

“சொன்னா நிறுத்திருவாரு.”

“நிறுத்தினா அது அவன் முடிவு. ஒரு மனுஷனுக்குத் தன் குரலைக் கேக்கக்கூட உரிமை இல்லையா? தூத்துக்குடி ஷோவுக்கு முன்னாடி நீ சொல்லணும். இல்லேன்னா நான் சொல்லுவேன்.”

ஜெசிந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டில்லிபாபு ஏதோ சொல்ல வந்தவர் போல இருமிவிட்டு, சுற்றிய ஒயரையே பிரித்து மறுபடி சுற்றினார்.

தூத்துக்குடி லியோனின் ஊர். கடைசி ஷோ அங்கேதான். கூடப் படித்தவர்கள், சொந்தக்காரர்கள், சின்ன வயதில் அவனைச் சர்ச் பாடகர் குழுவிலிருந்து துரத்திய வாத்தியார் வரை எல்லோரும் வருகிறார்கள். ஜெசிந்தா சொல்லவில்லை. அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. சரி, நானே சொல்கிறேன் என்று தீர்மானித்து, “சவுண்ட் செக் முடிஞ்சதும் உன்கிட்ட பேசணும்” என்று லியோனிடம் சொல்லிவைத்தேன். “பேசுவோம்” என்றான்.

மத்தியான வெயிலில் துறைமுகக் காற்று மேடைத் துணியை அடித்துக்கொண்டிருந்தது. லியோன் இன்னும் மேடைக்கு வரவில்லை. நான் பேஸை மாட்டிக்கொண்டு மைக்கில் டில்லிபாபுவைக் கூப்பிட்டேன்.

“டில்லி, இன்னைக்கு என் காதுல அந்தப் பெட்டி வேணாம். நிஜத்தைக் கொடு.”

“லியோன் அண்ணன் குரல் மட்டும்தானேக்கா?”

“மட்டும்னா? வேற என்ன இருக்கு?”

காதுக்குள் ஒன்றும் கேட்கவில்லை. அவர் மைக்கை அணைத்துவிட்டார் போல. மைதானத்தின் நடுவில் அவர் தலை குனிந்திருப்பது தெரிந்தது.

“டில்லி. எல்லாத்தையும் நிஜமாக் கொடு.”

“வேணாம்க்கா.”

“கொடுப்பா.”

காதில் ஒரு சின்ன கிளிக். இரண்டாவது பாட்டின் தொடக்கத்தை வாசித்தேன். இரண்டு சுரம் விழவில்லை. தட், தட் என்று மரத்தைத் தட்டுகிற சத்தம்தான் வந்தது. கேபிள் சரியில்லை என்று வேறு கேபிள் மாற்றினேன். அதே இடத்தில் அதே தட்டு. தந்தியைப் பார்த்தேன், தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பைத் துடைத்தேன். மூன்றாவது தடவை வாசித்தபோது விரலைப் பார்த்தேன். மோதிர விரல் தந்தியின் மேல் படுத்திருந்தது, அழுத்தவில்லை. அந்த இரண்டு தட்டும் விழுகிற இடத்தில்தான் பாரூக் எட்டி உதைப்பான். என்னை மூடிக்கொண்டிருந்திருக்கிறான், இத்தனை நாளாக. நானோ அவனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேடையிலிருந்து இறங்கி டில்லிபாபுவிடம் போனேன்.

“ஜெசிந்தாவா?”

“இல்லக்கா. அண்ணிக்கு இது தெரியாது. லியோன் அண்ணன்தான். முதல் ரிகர்சல் அன்னிக்கே கவனிச்சுட்டாரு. ‘மங்கா வெரல் படுத்துட்டு வே, அவ சொல்ல மாட்டா, தெரிஞ்சா நிறுத்திருவா. எனக்கு அந்தப் பக்கம் அவ நிக்கணும்’னாரு. பெட்டிதான் இருக்கே, அதுல அவ பழைய வாசிப்பயும் ஏத்திருன்னாரு.”

“பெட்டி அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் காதுலயே அதை மாட்டினது அவனுக்குத் தெரியாதுன்னுதானே ஜெசி சொன்னா?”

“துணி போத்துனா தெரியாதாக்கா? தெரியும். வேற யாருக்கோ ரெடி பண்ணி வெச்ச பெட்டின்னு நான் சமாளிச்சேன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எல்லாரும் எங்கிட்டதான்க்கா வந்து ரகசியம் சொல்றீங்க. நான் மிக்ஸர் ஓட்ட வந்தவன்.”

சென்னையில் அவன் கேட்டது அப்போதுதான் உறைத்தது. ‘வெரல் வலிக்கலையே?’ நான் ஒருவரிடமும் சொல்லாத விரல் அது. கிளெய்ம் மனுவில் அப்படி ஒரு வாக்கியம் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே பிடித்திருப்பேன். என்னைப் பற்றியது என்பதால் விட்டுவிட்டேன்.

லியோன் அப்போதுதான் வந்து சேர்ந்தான். ஊர்க்காரர்கள் யாரோ கொடுத்த மக்ரூன் இனிப்புப் பொட்டலம் கையில். “ஏதோ பேசணும்னியே?” என்றான்.

பேச வேண்டியது எல்லாம் தயாராக இருந்தது. உன் குரல் உனக்குக் கேட்கவில்லை, உன் மனைவி உன்னை ஏமாற்றுகிறாள், ஒரு மனுஷனுக்குத் தன் குரலைக் கேட்க உரிமை இருக்கிறது. அவன் முகத்தைப் பார்த்தேன். இவனும் எனக்கு அதையேதான் செய்திருக்கிறான், எனக்குக் கோபமே வரவில்லை. வந்ததெல்லாம் அழுகைதான்.

“போஸ்டர்ல உன் மீசைய ரொம்பக் கறுப்பாப் போட்டுருக்காங்க” என்றேன்.

“அது நெசம்தான்” என்று ஒரு மக்ரூனை எடுத்து என் வாயில் திணித்தான்.

அன்று சாயங்காலம் நிஜத்தைக் காதில் வாங்கிக்கொண்டு வாசித்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. தட்டு விழுகிற இடமெல்லாம் முன்கூட்டியே தெரிந்தது, தடுக்க முடியவில்லை. இரண்டு இடங்களில் விரலை மாற்றிப் போட்டுச் சமாளித்தேன். மற்ற இடங்களில் பாரூக் உதைத்தான். அவனைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தேன். அவன் கண்டுபிடித்துவிட்டான் போல, ஸ்டிக்கைத் தூக்கி ஒரு சலாம் வைத்தான். ‘உப்புக் காத்து’ வந்ததும் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன். ‘கடலே’ என்ற இடத்தில் லியோனின் குரல் உடைந்தது. முன்வரிசையில் அந்தச் சர்ச் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார்.

எல்லாம் முடிந்து பெட்டிகளை வேனில் ஏற்றும்போது டில்லிபாபு கேட்டார். “அடுத்த டூர்ல உனக்கு எது வேணும்க்கா? நிஜமா, பெட்டியா?”

“லியோனுக்குத் தெரிஞ்சா அவன் எதைக் கேப்பான்?” என்றேன்.

டில்லிபாபு சுற்றும்முற்றும் பார்த்தார். ஜெசிந்தா தூரத்தில் யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அவரு புதுச்சேரியிலயே கேட்டுட்டாருக்கா” என்றார். “ஜனம் பாடுறதக் கேக்க ஒரு காதக் கழட்டினாரு. தன் குரல் கேட்டுடுச்சு. ஒரு வரி பாடாம நின்னாரே, ஞாபகம் இருக்கா? அப்படியே எறங்கிப் போயிடுவாருன்னு நெனச்சேன். எதுத்தாப்ல பாத்தாரு. அதே குரலுக்குத்தான் ஜனம் அழுதுட்டு நின்னுச்சு. அடுத்த வரியப் பாடிட்டாரு. அன்னிக்கு எறங்கி வந்ததும், ‘என் காதுல இனிமே பெட்டி வேணாம், ஜெசிகிட்ட சொல்லாத, அவ சந்தோசமா இருக்கா’ன்னாரு. இப்பக்கூட உன்கிட்ட சொல்லக் கூடாதுதான்.”

வேனில் அவன் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. என் குரல் எப்படிக் கேக்கு உனக்கு. இருபத்தேழு வயசு மாதிரி என்றேன். அப்படியா என்று சிரித்தான். கோயம்புத்தூரில் நான் ஜெசிந்தாவிடம் உரிமை பேசிக்கொண்டிருந்தபோது, அந்தப் பாடகன் தன் குரலை முழுதாகக் கேட்டுவிட்டு வந்து, அந்தப் பக்கம் கைகால் கழுவிக்கொண்டிருந்தான். அதே மேடையில், எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு, தான் வாசிப்பது என்னவென்று தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தவள் நான்.

“சொல்லுக்கா, எது வேணும்?” என்றார் டில்லிபாபு.

வேனுக்குள் லியோன் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். ஷோவுக்குப் பிறகு எப்போதும் வருகிற கம்மிய குரல். அதை அவன் மறைக்கவில்லை.

“ஒரு காதுக்கு நிஜம் கொடு” என்றேன். “இன்னொண்ணு இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.”